பல் துலக்கும் பிரஷிலிருந்து தொடங்குங்கள்: படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு நிமோனியா வராமல் காக்க

வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் காலை வேலை முடிந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: “ஏழாம் கட்டில் தாத்தாவின் வாய்க்குள் பார்த்தீர்களா?” ரத்த அழுத்தம் பார்த்திருப்பார்கள், சர்க்கரை பார்த்திருப்பார்கள், உடம்பு துடைத்து, பேம்பர்ஸ் மாற்றி, போர்வையைக்கூட நீவி விட்டிருப்பார்கள். வாய்க்குள் மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். டார்ச் அடித்துக் காட்டினால் மேலண்ணத்தில் காய்ந்த சளி பொருக்குப் பொருக்காக ஒட்டியிருக்கும். கன்னத்து ஓரத்தில் நேற்றிரவு கொடுத்த மாத்திரையில் பாதி கிடக்கும்.

அந்தத் தாத்தாவுக்கு நிமோனியா வந்தால் பெரும்பாலும் அந்த வாயிலிருந்துதான் இறங்கி வரும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து சிங்கப்பூர் மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தாதியருக்கும் பராமரிப்பு உதவியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். அப்பாவையோ அம்மாவையோ வார்டில் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கலாம். ஆனால் மூக்கு வழி உணவூட்டும் குழாய், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் இரண்டையும் நீங்களாகத் தொட வேண்டாம். தாதியருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மருத்துவமனை நடைமுறை நான் சொல்வதிலிருந்து வேறுபட்டால், அதன்படியே செய்யுங்கள்.

ஏன் வாய்?

தூங்கும்போது எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்குவது எல்லாருக்கும் நடப்பதுதான். உங்களுக்கும் எனக்கும் ஒரு இருமலில் அது வெளியே வந்துவிடும். புரண்டு படுப்போம், எழுந்து நடப்போம், நுரையீரலின் அடிப்பகுதி விரியும், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன்ஸ் உள்ளவர், மறதிநோய் முற்றியவர், இடுப்பெலும்பு உடைந்து வலியில் மல்லாந்தே கிடப்பவர், தூக்க மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் ஆகியோருக்கு இருமலில் வலுவில்லை, நெஞ்சு விரிவதில்லை. போதாததற்கு எச்சிலும் சுத்தமாக இல்லை. துலக்காத பல்லில் படியும் அழுக்கில் கிருமி பெருகும். மருத்துவமனைக்கு வந்த சில நாட்களிலேயே வாயில் குடியிருக்கும் கிருமிகளின் வகையும் மாறிவிடும். இரவில் இறங்குவது அந்த எச்சில்தான்.

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கழித்து வரும் நிமோனியாவை ‘இங்கே வந்து தொற்றியது’ என்று கணக்கில் எடுப்பார்கள். சிங்கப்பூரில் புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றோடு மரணத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக நிமோனியா பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. இதைப் படித்ததும் பலருக்கு வென்டிலேட்டர்தான் நினைவுக்கு வரும். வென்டிலேட்டர் இல்லாத சாதாரண வார்டிலும், மின்விசிறி ஓடும் சி வகுப்புக் கட்டிலிலும் இது வரும்.

ஜப்பானில் 11 தாதிமை இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்களே பல் துலக்கிவிட்டார்கள், தேவைப்பட்டால் பல் மருத்துவரும் பார்த்தார். இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல விட்டுவிட்டார்கள். 2 ஆண்டுகளில் துலக்கிவிட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. கருவி என்று பார்த்தால் வெறும் பிரஷ். நான் புதியவர்களை வாயில் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

ஷிஃப்ட் தொடங்கியதும்

முந்தைய ஷிஃப்ட் தாதி பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் நான்கு விஷயம் காதில் விழ வேண்டும். வாய்வழி சாப்பிடுகிறாரா, இல்லையா? சாப்பிட்டால் எந்தப் பதநிலை உணவு, எந்தப் பதநிலைத் திரவம்? பல்செட் உண்டா, இருந்தால் இப்போது எங்கே? குழாய் இருந்தால் மூக்கருகே எத்தனை சென்டிமீட்டரில் குறி இருக்கிறது? இதில் ஒன்று விடுபட்டாலும் கேளுங்கள். புதியவர் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் கேளுங்கள்.

அப்புறம் கட்டிலைப் பாருங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர. கண்ணளவை நம்பாதீர்கள். 30 என்று நாம் நினைத்து வைப்பது பல நேரம் 15தான் இருக்கும். பல கட்டில்களின் பக்கவாட்டில் கோணம் காட்டும் அளவி இருக்கும், அதைப் பாருங்கள். உயர்த்தும் முன் ஆளை மேலே இழுத்து, இடுப்பு சரியாகக் கட்டில் மடங்கும் இடத்தில் வரும்படி செய்யுங்கள், இருவர் சேர்ந்து, வழுக்கி நகர்த்த உதவும் ஸ்லைட் ஷீட் போட்டு. முதலில் முழங்கால் பக்கத்தைச் சற்று உயர்த்திவிட்டுத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் வழுக்கி இறங்க மாட்டார். கட்டில் 30இல் இருந்து, தாத்தா மட்டும் கீழே சரிந்து, தாடை நெஞ்சில் குத்த, வயிறு மடிந்து கிடந்தால் பயனே இல்லை. நெஞ்சு விரிய இடமிருக்காது. சரிந்து சரிந்து புட்டத்துத் தோலும் உரசிப் புண்ணாகும்.

வாய்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். உடம்பு துடைப்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வேலையாக வைத்தால், பேஜர் அடித்ததும் முதலில் கைவிடப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

கை கழுவி, கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள். முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்குக் கீழே துண்டு விரியுங்கள். விழுங்குவதில் சிக்கல் இருப்பவர் என்றால் சக்‌ஷனை முதலிலேயே இயக்கிச் சரிபார்த்துப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நம் பாட்டியிடம் “வாயைக் கொஞ்சம் திறங்க பாட்டி” என்று சொல்லிவிடலாம். பக்கத்துக் கட்டில் மக்சிக்கிடம் (மலாய் அம்மா) “புக்கா மூலுட்”, எதிர்க் கட்டில் ஆ மாவிடம் (சீனப் பாட்டி) “சாங் சுயி”; இரண்டுக்கும் வாயைத் திறங்க என்றுதான் பொருள். முதல் வாரத்திலேயே இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் இன்னும் நல்லது, வாய் தானாகத் திறந்துவிடும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். புண், வெள்ளைப் படலம், ஆடும் பல், ரத்தம் இருந்தால் சொல்லி, எழுதி வையுங்கள். பல்செட்டைக் கழற்றுங்கள். சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷில் பட்டாணி அளவு பற்பசை போதும். நுரை அதிகமானால் அதுவே தொண்டைக்குள் போகும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷை வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். நாக்கைப் பின்னாலிருந்து முன்னால் வழியுங்கள், குமட்டும் அளவுக்கு உள்ளே போகாமல். கொப்பளித்துத் துப்பத் தெரிந்தவர் துப்பட்டும். தெரியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சக்‌ஷன் வைத்து எடுங்கள், அல்லது பிழிந்த ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பல் இல்லாதவருக்கும் ஈறு, நாக்கு, கன்னத்து உட்புறம் எல்லாம் உண்டு.

மேலண்ணத்துப் பொருக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் வரும். தண்ணீரில் கரையும் ஈரப்பத ஜெல்லைத் தடவி, சில நிமிடம் விட்டுவிட்டு வந்தால் ஊறியிருக்கும். அப்போது மெதுவாக வழித்தால் வந்துவிடும். கடைசியில் அதே ஜெல் கொஞ்சம் உதட்டுக்கும். மருந்து வாய்க்கழுவியை டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள், அது பிரஷுக்கு மாற்றாகாது.

கடிப்பவர்கள் இருப்பார்கள். பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். ஸ்பாஞ்சு நுனிக் குச்சியைக் கடித்தால் ஸ்பாஞ்சு கழன்று தொண்டைக்குப் போகலாம், அதனால் கடிப்பவருக்கு அது வேண்டாம். மறதிநோய் உள்ளவரிடம் பிரஷை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையின் மேல் உங்கள் கையை வைத்துத் துலக்கிப் பாருங்கள். எழுபது எண்பது வருடப் பழக்கம், கைக்கு நினைவிருக்கும். எங்கள் வார்டில் ஒரு பாட்டி, வெற்றிலை போட்டுப் போட்டு வாயெல்லாம் செம்மண் நிறம், யாரையும் கிட்டே விடமாட்டார். பிரஷைக் கையில் கொடுத்த அன்று அவரே துலக்கிவிட்டு, “மிஸ்ஸி, உன்னைவிட நான் நல்லாத் துலக்குவேன்” என்றார். அது உண்மையும்கூட.

எத்தனை தடவை? குறைந்தது காலையும் இரவும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் முடிந்தால் மிக நல்லது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்ற நாளில் இரவுத் துலக்கலை விடாதீர்கள். பல்செட்டை இரவில் கழற்றித் துலக்கி, பெயர் ஒட்டிய டப்பாவில் வையுங்கள். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. டிஷ்யூவில் சுற்றி வைக்காதீர்கள். அது சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போகும், மறுநாள் குடும்பத்திடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

குழாயில் பால் போகிறவருக்கும், வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதியிருப்பவருக்கும் பல் துலக்குவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். “அவர்தான் சாப்பிடவே இல்லையே!” என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். மெல்லாத வாயில் எச்சில் குறைவாக ஊறும், அழுக்கு தானாகக் கழுவப்படாது. இவர்களுக்குத்தான் அடிக்கடி செய்ய வேண்டும்.

சாப்பாடு

1998இல் சூசன் லாங்மோரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஓர் ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உணவு தவறான வழியில் போய் நிமோனியா யாருக்கு வரும் என்று பார்த்தால், விழுங்கும் சிக்கலையும் தாண்டி முன்னால் நின்றது ‘அடுத்தவர் ஊட்டிச் சாப்பிடுவது’. அதாவது கரண்டி பிடிக்கும் கைக்கும் இதில் பங்கு உண்டு.

ஆள் நன்றாக விழித்திருக்கிறாரா என்று பாருங்கள். அரைத் தூக்கத்தில் ஊட்ட வேண்டாம், தட்டு ஆறினால் ஆறட்டும். முடிந்தால் நாற்காலியில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் கட்டிலைக் கூடியவரை 90 டிகிரிக்கு நிமிர்த்துங்கள். பல்செட், மூக்குக்கண்ணாடி, காது கருவி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்த தொண்டையில் மூச்சுக்குழாய் வாய் திறந்து நிற்கும். தேக்கரண்டியில் பாதி போதும். தொண்டை எலும்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, வாய் காலியானதும் அடுத்த வாய். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். வாயில் சோறு இருக்கும்போது “பேரன் வந்தானா?” என்று கேட்காதீர்கள், பதில் சொல்ல முயல்வார்.

இருமல், கண்ணில் நீர், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் குரல், மூச்சு வேகமாதல் என்று எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். இருமாமலே உள்ளே இறங்குவதும் உண்டு, அதனால் இருமல் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் கன்னத்து ஓரங்களைப் பார்த்து மிச்சத்தை எடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

உணவு, திரவங்களின் பதத்தைப் பேச்சு சிகிச்சையாளர் முடிவு செய்வார். இங்கே ஐடிடிஎஸ்ஐ என்ற உலகளாவிய அளவுமுறையைத்தான் பயன்படுத்துகிறோம். 0 முதல் 7 வரை நிலைகள், அதில் குடிப்பவை 0 முதல் 4 வரை. கெட்டியாக்கும் தூள் எத்தனை கரண்டி என்பது ஒவ்வொரு டப்பாவுக்கும் வேறு, அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சரியாக வந்திருக்கிறதா என்று 10 மில்லி ஊசிக்குழலை வைத்தே பார்க்கலாம். ஆனால் 0 முதல் 10 மில்லி வரையிலான அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் குழலாக வேண்டும். முனையை விரலால் மூடி, 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி எண்ணி மூடுங்கள். 1 முதல் 4 மில்லி மிச்சமிருந்தால் நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8க்கு மேல் இருந்து கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. ஒரு தடவை கோப்பியில் செய்து பாருங்கள், அப்புறம் கண்ணே பழகிவிடும்.

இனி நம்மவர் சாப்பாட்டுக்கு வருவோம், மருத்துவமனைப் பாடத்தில் இது வராது. குடும்பத்தார் அன்போடு கொண்டுவரும் ரசஞ்சாதம்தான் எனக்கு அதிகப் பயம் தருவது. தண்ணியும் பருக்கையும் கலந்தது. ரசம் முன்னால் ஓடித் தொண்டைக்குப் போய்விடும், சோறு வாயிலேயே நிற்கும். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் அப்படித்தான். கொழுக்கட்டை ஒட்டும், முறுக்கு நொறுங்கிச் சிதறும். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும், திரவத்துக்குக் கட்டுப்பாடு உள்ளவருக்கு ஆகாது. நன்றாகக் குழைத்து, கட்டியில்லாமல் மசித்த தயிர்சாதமோ பருப்புச் சாதமோ அவருக்கு எழுதியிருக்கும் பதத்துக்கு ஒத்துவரலாம், சிகிச்சையாளரிடம் காட்டிக் கேளுங்கள். “கூடாது” என்று மட்டும் சொல்லி டிஃபன் பாக்ஸைத் திருப்பி அனுப்பினால், நீங்கள் அந்தப் பக்கம் போனதும் ஊட்டிவிடுவார்கள். உட்கார வைத்து, ஏன் கூடாது, அதற்குப் பதிலாக எது கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பஸ் பிடித்து, சூடு ஆறாமல் கொண்டுவந்த மகளுக்கு அந்த ஐந்து நிமிடம் தகும்.

மாத்திரையை இடித்துக் கொடுக்கும் முன் மருந்தாளரைக் கேளுங்கள். சிலவற்றை இடிக்கவே கூடாது.

குழாய் இருந்தால்

மூக்கில் குழாய் போட்டுவிட்டால் நிமோனியா பயம் போய்விட்டது என்று நினைப்பது தவறு. எச்சில் இறங்குவதைக் குழாய் தடுக்காது, வயிற்றிலிருந்து பால் மேலே ஏறுவதையும் தடுக்காது. ஒவ்வொரு முறையும் ஊட்டும் முன் மூக்கருகே குறி நகர்ந்திருக்கிறதா, வாய்க்குள் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். குழாயிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் சோதியுங்கள். பொதுவாக 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயிற்றில் இருப்பதாகக் கொள்வார்கள், உங்கள் வார்டின் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு எண் கூடிக் காட்டலாம். எதுவும் வரவில்லை என்றால் இடப்பக்கம் ஒருக்களித்து, சற்றுப் பொறுத்து மறுபடி முயலுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் பால் கொடுக்காமல் சொல்லுங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். காற்றை அடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்கும் பழைய முறையை ஊரில் கற்றிருப்பீர்கள். அதை நம்பிப் பால் விடாதீர்கள்.

இன்னொன்று: முதலில் பேம்பர்ஸ், பிறகு பால். இந்த வரிசை மாறினால், வயிறு நிறைந்த ஆளைத் தட்டையாகப் படுக்க வைத்துப் புரட்ட வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றியே ஆக வேண்டும் என்றால் பாலை நிறுத்திவிட்டுப் புரட்டுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்திய பிறகே மறுபடி தொடங்குங்கள். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் உயர்ந்தே இருக்கட்டும்.

அசைவு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதைத் தோலுக்காக என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். நுரையீரலுக்கும் அது மருந்துதான். அதைவிட நல்லது உட்காருவது. மருத்துவர், இயன்மருத்துவர் அனுமதித்தால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் நாற்காலியில் உட்கார வைக்கப் பாருங்கள். இடுப்பில், விலாவில் வலி இருப்பவர் ஆழ மூச்சு விடவும் மாட்டார், இருமவும் மாட்டார். வலி மருந்தை முன்னதாகவே கொடுத்துவிட்டு, அது வேலை செய்யும் நேரத்தில் எழுப்புங்கள். முதுகில் தட்டுவதை இயன்மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மூச்சை எண்ணுங்கள்

நான் சேர்ந்த முதல் ஆண்டில், வேறொரு மருத்துவமனையில், ஒரு மக்சிக்கின் தாளில் மூன்று ஷிஃப்டிலும் மூச்சு 18, 18, 18 என்று இருந்தது. மூன்றாவது 18 என் கையெழுத்து. நான் எண்ணவில்லை. காய்ச்சல் இல்லை. காலையில் ஆசையாகக் குடிக்கும் மைலோவை வேண்டாம் என்று தள்ளினார், என்னைத் தன் மகள் பெயரில் கூப்பிட்டார். வயதானவர்தானே என்று விட்டுவிட்டேன். மூத்த தாதி ஒருவர் போகிற போக்கில் நின்று, போர்வையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். 28. என்னைத் திட்டவில்லை, கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான்.

முதியவருக்கு நிமோனியா பல நேரம் காய்ச்சலோடு வராது. சாப்பாடு குறையும், திடீர்க் குழப்பம் வரும், வழக்கத்தைவிடத் தூக்கம் கூடும், மூச்சு வேகமாகும். முழு நிமிடம் எண்ணுங்கள், நாடி பார்ப்பது போல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் அவர் உணர மாட்டார். 20ஐத் தாண்டினால் மறுபடி எண்ணி, ஆக்சிஜன் அளவையும் பார்த்துப் பொறுப்புத் தாதியிடம் சொல்லுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்க வேண்டாம். சொல்லும்போது “ஆள் சரியில்லை” என்று சொல்லாமல், “காலையில் 18, இப்போது 26, ஆக்சிஜன் 91, மதியம் சாப்பிடவில்லை” என்று எண்ணோடு சொல்லுங்கள். டாக்டர் வந்து நிற்பார்.

கை கழுவுவதைப் பற்றி உங்களுக்குத் தினமும் யாராவது சொல்வார்கள், நான் விடுகிறேன். சளி பிடித்த உறவினரை மட்டும், கடிந்துகொள்ளாமல், இன்று ஃபோனில் பேசச் சொல்லுங்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் தேசிய அட்டவணையில் இருக்கின்றன. பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) அரசு மானியத் திட்டமான சாஸில் சேர்ந்த மருந்தகங்களிலும் தகுதி உள்ளவர்களுக்கு மானியம் உண்டு, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் பயன்படுத்தலாம். போட்டாயிற்றா என்று குடும்பத்தைக் கேட்டு வையுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாள்

வீட்டில் இதையெல்லாம் செய்யப்போவது பெரும்பாலும் பணிப்பெண்ணும் மகளும்தான். வாயால் சொல்லிக்கொடுத்தால் தலையை ஆட்டுவார்கள். ஒரு வேளை அவர்களையே செய்ய விட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கட்டில் கோணம், கெட்டிப் பதம், கன்னத்து ஓரம் பார்ப்பது, பல் துலக்குவது எல்லாம் அவர்கள் கையாலேயே நடக்கட்டும். பராமரிப்பாளர் பயிற்சிக்கு மானியம் உண்டு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் மருத்துவமனைக் கட்டில் இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை எப்படிச் சாய்வாக அடுக்குவது என்பதை இங்கேயே காட்டிவிடுங்கள். தலைக்கு மட்டும் வைத்தால் கழுத்து மடங்கும்.

போகும் பையில் மருந்து, ஊசிக்குழல், கெட்டியாக்கும் தூள் டப்பா எல்லாம் ஞாபகமாக ஏறிவிடும். பிரஷும் பல்செட் டப்பாவும் லாக்கரின் மேல்தட்டில் பின்னால் தள்ளிக் கிடக்கும். கையை விட்டுத் துழாவி எடுத்து, மேலாகப் பையில் வையுங்கள்.